27 கோடி வருஷத்துப் பூச்சி முட்டை: நம்பலாமா?

11-1-2025, இரவு 9.40 (இழையைத் தொடங்கியவர்)

நம் முன்னோருக்கு வயிற்றுப் பூச்சி என்று ஒன்றே கிடையாது. கம்பும் கேழ்வரகும் தின்று வளர்ந்தவர்கள். சாக்கடையும் பாக்கெட் தீனியும் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிற நிலைமை. இப்போது 27 கோடி ஆண்டுக்கு முந்தைய, கல்லாகிப்போன சுறாச் சாணத்தில் நாடாப்புழு முட்டை கிடைத்தது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கல்லுக்குள் முட்டை எப்படி இருக்கும்? லேபில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11-1-2025, இரவு 10.55

நான் லேபில் இருப்பவள். பழைய வண்ணாரப்பேட்டையில் 31 வருஷம். மோஷன் டெஸ்ட் பார்த்தே கண் பூத்தவள்.

முன்னோர் பற்றி நீங்கள் சொல்வது தவறு. அந்த விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். கல்லுக்குள் முட்டை என்பதில் எனக்கும் சந்தேகம்தான். மைக்ராஸ்கோப்பில் முட்டை மாதிரி தெரிவதெல்லாம் முட்டை இல்லை. காற்றுக் குமிழி முட்டை மாதிரி இருக்கும். மகரந்தம் அதைவிட மோசம். வேலை பழக வருகிற பிள்ளைகள் முதல் மாதத்தில் பத்து தடவையாவது மகரந்தத்தைக் காட்டி, உருளைப்புழு முட்டை மேடம் என்பார்கள். வெந்த கீரையின் செல்லும் ஏமாற்றும்.

அதோடு முட்டை அவ்வளவு நாள் தாங்காது. மே மாதத்தில் காலையில் வந்த சாம்பிளைப் பார்க்காமல் விட்டு மறுநாள் எடுத்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து குஞ்சு நெளிந்துகொண்டிருக்கும். ஒரு நாளைக்கே இந்தக் கதி. 27 கோடி வருஷமா?

12-1-2025, காலை 5.50

படுத்தும் தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒரு பிழை.

கொக்கிப்புழு முட்டையின் ஓடு வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. அதை வைத்து எல்லா முட்டையையும் எடை போட்டுவிட்டேன். உருளைப்புழு முட்டை அப்படி இல்லை. தடித்த ஓடு, அதற்கு மேல் முண்டு முண்டாக ஒரு புரதப் பூச்சு. ஈர மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நான் படித்த காலத்தில் ஃபார்மலின் பாட்டிலில் வைத்துக் காட்டிய முட்டைகள் எங்கள் ஆசிரியரின் ஆசிரியர் சேர்த்தவை. கலங்காமல் இருந்தன. சாட்டைப்புழு முட்டையும் அப்படித்தான்: எலுமிச்சம்பழ வடிவம், இரண்டு முனையிலும் பளிங்கு மாதிரி ஒரு மூடி. ஒரு தடவை பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்காது.

புழு அழுகிப் போகும், ஓடு நிற்கும். அப்படியானால் எந்த முட்டை, எந்த மண்ணில் கிடந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நேற்று அதைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

12-1-2025, மதியம் 2.15

ஞாயிற்றுக்கிழமை என்பதால் விடிகாலையிலேயே காசிமேடு போனேன். மீன் வாங்கத்தான். ஆனால் மனசு முழுக்கச் சுறா.

வழக்கமாக எனக்கு மீன் வெட்டித் தருகிற அக்காவிடம் சின்னச் சுறா இருந்தது. புட்டுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, குடலையும் தனியாகக் கவரில் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டார்.

“இன்னா மேடம், குடல எடுத்துனு போயி இன்னா பண்ணப் போறீங்க?”

“உள்ளே எப்படி இருக்குன்னு பார்க்கணும் அக்கா.”

“உள்ள சுருள் மாடிப்படிதான். இதோ பாருங்க.” குடலை நீளவாக்கில் கீறிக் காட்டினார்.

அப்படியேதான் இருந்தது. மனிதக் குடல் மீட்டர் கணக்கில் நீளம். சுறாவுக்குக் குட்டைக் குடல். அந்தக் குட்டைக் குடலுக்குள் திருகாணி மாதிரி ஒரு சதைத் தகடு சுற்றிச் சுற்றி இறங்குகிறது. தின்றது அதில் சுழன்று இறங்குவதால் அந்த அச்சு கழிவிலும் பதியும். கல்லான பிறகும் சுருள் தெரியும். செய்தியில் வந்த, பிரேசிலில் கிடைத்த அந்தக் கல்லைச் சுறாவுடையது என்று சொன்னதும் இந்தச் சுருளை வைத்துத்தான்.

நான் எதிர்பார்த்தது இன்னொன்று. தகட்டின் மடிப்பில் நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. “அது எப்பவும் இருக்கும், தூக்கிப் போட்ருவோம்” என்றார் அக்கா. லேபுக்குக் கொண்டுபோய் சலைனில் அலசி லென்ஸில் பார்த்தேன். கண்ணி கண்ணியாக உடம்பு. நாடாப்புழு. 31 வருஷத்தில் சுறாவின் புழுவை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். இன்றைய சுறாக்களின் சுருள் குடலில் நாடாப்புழு வகைகள் ஏராளம். அதன் மூதாதைக்கும் இருந்திருக்கும் என்பதில் வியக்க ஒன்றும் இல்லை. வியப்பெல்லாம் தடயம் மிஞ்சியதில்தான்.

புட்டு நன்றாக வந்தது.

13-1-2025, இரவு 9.20

போகி. புகை மூட்டத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்த ஆய்வைப் படித்தேன். 2013-ல் வெளியானது. தென் பிரேசிலில், டைனோசர்களுக்கும் முந்தைய பெர்மியன் காலப் படிவுகளில் கிடைத்த சாணக்கற்கள், அதாவது கல்லாகிப்போன சாணம். கல்லை வெட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தாள் மாதிரி தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு சொட்டு சலைனில் கரைத்து கவர்ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடுகிற அதே வேலைதான். அவர்களிடம் இருப்பது கல் என்பதால் தேய்க்கிறார்கள்.

93 முட்டைகள், ஒரே இடத்தில் கும்பலாக. நீளம் 150 மைக்ரான் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஒரு முட்டைக்குள் வளர்ந்துகொண்டிருந்த கரு மாதிரி ஒன்றும், கொக்கி மாதிரி இழைகளும் தெரிகின்றன என்கிறார்கள்.

150 மைக்ரான் என்றதும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. மணலி லாரி ஷெட்டில் மூட்டை தூக்க வந்த பீகார்ப் பையன். வயிற்றுவலி. அவனுடைய சாம்பிளில் அவ்வளவு பெரிய முட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். உருளைப்புழு முட்டையைப் போல இரண்டு மடங்கு நீளம், ஒரு முனையில் சின்ன மூடி. ஊர்ப்பக்கம் குளத்துச் செடிகளில் ஒட்டி வருகிற குடல் தட்டைப்புழுவாக இருக்கலாம். ஆட்டு ஈரலில் இருக்கிற தட்டைப்புழுவின் முட்டையும் அச்சு அசலாக அதே மாதிரிதான். பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து கொடுத்து, புழுவே வெளியே வந்த பிறகுதான் டாக்டர் பெயர் எழுதினார்.

அதனால் சொல்கிறேன். முட்டை குடும்பப் பெயரைச் சொல்லும், சொந்தப் பெயரை எல்லா நேரமும் சொல்லிவிடாது. அந்த ஆய்வுக்காரர்களும் நாடாப்புழு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

13-1-2025, இரவு 11.05

ஒரு திருத்தம். மேலே “சாணக்கற்கள்” என்று பன்மையில் எழுதியதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் முட்டையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அந்த இடத்தில் பொறுக்கியவை 500-க்கும் மேல். முட்டைகள் இருந்தது ஒரே ஒரு கல்லில்.

15-1-2025, மாலை 4.30

மாட்டுப் பொங்கல். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் மாடு இருக்கிறது, வாசலில் சாணி மெழுகியிருக்கிறார்கள். சாணியைப் பார்த்ததும் இந்த இழை ஞாபகம் வருகிற அளவுக்கு ஆகிவிட்டது.

இந்தச் சாணி ஏன் கல்லாகாது என்று யோசித்தேன். நார்தான் அதிகம், மழையும் வண்டும் சேர்ந்து சில நாளில் மண்ணாக்கிவிடும். மாமிசம் தின்னும் பிராணியின் கழிவில் எலும்பிலிருந்து வந்த பாஸ்பேட் இருக்கிறது. அதுவே சிமெண்ட் மாதிரி வேலை செய்யும். சீக்கிரம் சேற்றில் புதைந்து, காற்றுப் படாமல் இருந்தால் கல்லாகும். சாணக்கற்களில் பெரும்பாலானவை ஊன் உண்ணிகளுடையதாக இருப்பது இதனால்தான்.

புல் தின்றவற்றின் சாணம் கல்லாகவே ஆகாது என்றும் எண்ண வேண்டாம். மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற ஊரில் டைனோசர் காலத்துச் சாணக்கற்கள் கிடைக்கின்றன. அவற்றில் புல்லின் நுண்ணிய மணற்சத்துத் துணுக்குகள் இருந்ததை 2005-ல் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்டார்கள். டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்று அதுவரை எழுதிவந்ததை அந்தச் சாணம் மாற்றியது.

இப்படிப்பட்ட கற்கள் சாணம்தான் என்று முதலில் கண்டுகொண்டவர்களில் மேரி ஆனிங் முக்கியமானவர். இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில் பாறையில் எலும்பு பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைப் பெண். கடல் பல்லிகளின் எலும்புக் கூட்டுக்குள் வயிறு இருந்த இடத்தில் கற்கள் இருப்பதையும், உடைத்தால் மீன் முள்ளும் செதிளும் இருப்பதையும் கவனித்தார். 1829-ல் வில்லியம் பக்லண்ட் என்ற பேராசிரியர் அவற்றுக்கு கோப்ரோலைட் என்று பெயர் வைத்தார். சுருள் எப்படி வருகிறது என்று பார்க்க அவர் சிறு சுறாவின் குடலுக்குள் சிமெண்ட் கலவையை ஊற்றி அச்சு எடுத்தாராம். நம் காசிமேட்டு அக்காவைக் கேட்டிருந்தால் ஒரே கீறலில் காட்டியிருப்பார்.

என்னிடமும் ஒரு கல் இருந்தது. கல்லூரிக் காலத்தில் பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துப் பள்ளங்களுக்குப் போனபோது பொறுக்கியது. முறுக்கின மாதிரி இருக்கும். சாணக்கல் என்றே 20 வருஷம் மேசையில் வைத்திருந்தேன். நிலவியல் படித்த உறவுக்காரப் பையன் பார்த்துவிட்டு, ஏதோ கடல் புழு குடைந்த வளையில் மண் நிரம்பிக் கல்லானது, சித்தி என்றான். வடிவத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான். உள்ளே எலும்பு, செதிள், பாஸ்பேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

19-1-2025, இரவு 8.10

இப்போது முன்னோர் விஷயம். இதை ஒத்திப்போட்டதற்குக் காரணம், கோபத்தோடு எழுதக் கூடாது என்று நினைத்ததுதான்.

முன்னோருக்குப் பூச்சி இல்லையென்றால் கீரிப்பூச்சி என்ற சொல் எதற்கு? நாக்குப்பூச்சி எதற்கு? சித்த வைத்தியத்தில் பூச்சிக்குக் கொடுக்கிற வாய்விளங்கம் எதற்கு? என் ஆயா சனிக்கிழமை சனிக்கிழமை எங்களை வரிசையாக உட்காரவைத்து வேப்பங்கொழுந்து உருண்டை விழுங்க வைத்தாரே, அவருடைய ஆயாவிடம் கற்றுக்கொண்டுதானே? நோயே இல்லாத ஊரில் மருந்துக்கு எப்படிப் பெயர் வந்தது?

வெளி ஊர்ச் சான்றும் இருக்கிறது. ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த 5,300 வருஷத்து மனிதரின் குடலில் சாட்டைப்புழு முட்டை. பாக்கெட் தீனி தின்றவர் இல்லை அவர். 1910-ல் மார்க் ஆர்மண்ட் ரஃபர் என்பவர் எகிப்து மம்மிகளின் சிறுநீரகத்தில் ரத்தத் தட்டைப்புழு முட்டைகளைக் கண்டார். 3,000 வருஷத்துக்கு முந்தைய உடல்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் வங்கி கட்டத் தோண்டிய இடத்தில் 1972-ல் கிடைத்த, வைக்கிங் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகளின் காலத்து மனிதக் கழிவு ஒன்று 20 சென்டிமீட்டர் நீளம். அதில் சாட்டைப்புழு முட்டையும் உருளைப்புழு முட்டையும் ஏராளம். ரொட்டியும் மாமிசமும் தின்று ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் குகை ஒன்றில் காய்ந்து கிடந்த மனிதக் கழிவில் கீரிப்பூச்சி முட்டை இருந்தது. வயது சுமார் 10,000 ஆண்டு. லேபில் இருப்பவளுக்கு இதுதான் தூக்கிவாரிப் போடும் செய்தி. ஏனென்றால் கீரிப்பூச்சி முட்டையை மலத்தில் பார்ப்பது அபூர்வம். தாய்ப்பூச்சி ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாய்த் தோலில் முட்டையிடும். காலையில் பிள்ளை எழுந்ததும் செல்லோடேப் ஒட்டி எடுத்துப் பார்த்தால்தான் கிடைக்கும். உயிரோடிருக்கிற பிள்ளையின் மலத்திலேயே தப்பிவிடுகிற முட்டை, காய்ந்த கழிவில் கிடைக்கிறது என்றால் அந்தக் குகையில் எத்தனை பேர் ராத்திரி சொறிந்துகொண்டு புரண்டிருப்பார்கள்!

20-1-2025, காலை 7.00

காய்ந்த கழிவை எப்படிப் பார்ப்பது என்று கேட்டவருக்கு: கல்லாகாமல் வெறுமனே காய்ந்திருந்தால் ட்ரைசோடியம் பாஸ்பேட் 0.5 சதவீதக் கரைசலில் மூன்று நாள் ஊறவைப்பார்கள். 1960 வாக்கில் காலன், கேமரன் என்ற இருவர் இந்த முறையைக் கழிவுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஊறிய பிறகு நிறமும், சில நேரம் நாற்றமும்கூடத் திரும்பி வரும்.

20-1-2025, இரவு 10.30

பகல் முழுக்க ஒரு விஷயம் உறுத்தியது. முட்டை கிடைத்தால், அந்தக் கழிவுக்குச் சொந்தக்காரருக்குப் புழு இருந்தது என்று அர்த்தமா?

எங்கள் லேபில் இது அடிக்கடி வரும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வறுவல் சாப்பிட்டவர் திங்கட்கிழமை சாம்பிள் கொடுப்பார். தட்டைப்புழு முட்டை தெரியும். அது ஆட்டின் புழுவுடைய முட்டை, அவர் வயிற்றில் சும்மா வழிப்போக்கனாக வந்தது. ஒரு வாரம் ஈரல் தொடாமல் திரும்ப வாருங்கள் என்று சொல்லி அனுப்புவோம். மறுபடியும் முட்டை வந்தால்தான் ரிப்போர்ட்.

27 கோடி வருஷத்துச் சுறாவை அடுத்த வாரம் வா என்று சொல்ல முடியாது. அது தின்ற மீனுக்குள் இருந்த முட்டையாகவும் இருக்கலாமே. 93 முட்டையும் சிதறாமல் ஒன்றாகக் கிடந்ததால், சுறாவின் குடலிலேயே இருந்த புழுவின் ஒரு கண்ணி கழன்று விழுந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் 12-ஆம் தேதி எழுதிய குறிப்பில் இருந்த உறுதியில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

இதனால்தான் மனிதக் குடியிருப்புகளில் தோண்டும்போது எலும்புக்கூட்டின் இடுப்புப் பகுதி மண்ணோடு தலைப் பகுதி மண்ணையும் எடுத்து ஒப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் கல்லறையில் அப்படித்தான் செய்தார்கள். இடுப்பு மண்ணில் உருளைப்புழு முட்டைகள், தலை மண்ணில் இல்லை. முட்டை பக்கத்துச் சாக்கடையிலிருந்து ஊறி வந்ததல்ல என்று அதில் தெரிந்தது. 2013-ல் வந்த செய்தி.

22-1-2025, இரவு 9.00

நரம்புச் சிலந்திப் புழுவை ஏன் சொல்லவில்லை என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்குக் காலில் வந்து, குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தார்களாம். அந்தப் புழு மலத்தில் முட்டை விடாது ஐயா. காலில் கொப்புளம் உடைந்து, தண்ணீரில் கால் வைத்ததும் குஞ்சுகளை விடும். எத்தனை சாணக்கல் தேய்த்தாலும் அது அகப்படாது. எகிப்து மம்மி ஒன்றின் வயிற்றுப் பகுதியில் சுண்ணாம்பாக இறுகிய புழுவே கிடைத்ததில் அதன் பழைமை தெரிந்தது. நம் நாட்டில் அது ஒழிந்துவிட்டது என்று 2000-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். குளத்தையும் படிக்கிணற்றையும் சரிசெய்து, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லியே ஒழித்தார்கள். அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மாத்திரையும் இல்லை.

சாணக்கல்லில் இல்லாததை வைத்து அந்தக் காலத்தில் இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. பெரியவருக்கு நன்றி.

10-2-2025, மாலை 6.40

இன்று பள்ளிக்கூடங்களில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். 2015-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2016 முதல் நாடு முழுக்க இந்தத் தேதியில் நடக்கிறது.

மதியம் ஒருவர் தனியே கேட்டார்: புழு இவ்வளவு பழையது என்றால், அது உடம்போடு சேர்ந்தது என்று விட்டுவிடலாமே? இது எனக்குப் பெரிய வருத்தம் தந்தது. நான் எழுதியது அப்படிப் புரிந்துவிட்டதா?

வெள்ளம் வந்த வருஷங்களில் கால்வாய் ஓரத் தெருக்களில் குடிதண்ணீரும் கழிவுநீரும் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் தெருக் குழாயில் ஒன்பது நாள் நாற்றம். அடுத்த மூன்று மாதம் வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளின் ஸ்லைடுகளைப் பார்த்த கண் இது. ஒரு பெண் உருளைப்புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை போடும். நாலு வயசுப் பிள்ளை, ரத்தசோகை, ஹீமோகுளோபின் வெறும் ஏழு. ஸ்லைடில் சாட்டைப்புழு, உருளைப்புழு, கொக்கிப்புழு மூன்றும். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் இது 27 கோடி வருஷத்துப் பழக்கம் என்று யார் போய்ச் சொல்வது?

இழையைத் தொடங்கியவர் சொன்னதில் பாதி சரி என்று இப்போது தோன்றுகிறது. சாக்கடை புழுவை உண்டாக்கவில்லை. நெருக்கமாக வாழ்கிற இடத்தில் ஒருவர் கழிவு இன்னொருவர் வாய்க்குப் போகிற பாதையைக் குறுக்கிவிட்டது. முதல் நாள் “தவறு” என்று ஒரே சொல்லில் முடித்ததற்கு வருந்துகிறேன்.

12-2-2025, இரவு 9.15

புழு ஊர் விட்டு ஊர் போன கதை ஒன்று. சீனாவில் பட்டுப் பாதையில், பாலைவன ஓரத்து ஓய்விடம் ஒன்றின் கழிப்பிடத்தில் 2,000 வருஷத்துக்கு முந்தைய துடைப்புக் குச்சிகள் கிடைத்தன. நுனியில் துணி சுற்றியவை. அந்தத் துணியில் சீனக் கல்லீரல் தட்டைப்புழு முட்டை. சதுப்பு நிலமும் ஆற்று மீனும் இல்லாமல் அந்தப் புழு வாழாது. இப்போது அது பரவலாக உள்ள பகுதி அங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். யாரோ ஒரு பயணி வயிற்றில் சுமந்து வந்திருக்கிறார். 2016-ல் வெளியான ஆய்வு. என் பீகார்ப் பையனின் கதையேதான்.

14-2-2025, இரவு 8.45

சாட்டைப்புழு முட்டையை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்ட கல்லூரி மாணவிக்கு: நாளை சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் வாம்மா, லேபில் கூட்டம் இருக்காது. நேற்று ஒரு நல்ல சாம்பிள் வந்தது. கவர்ஸ்லிப் ஓரத்தில் நெயில் பாலிஷ் பூசி உலராமல் வைத்திருக்கிறேன். சுறாவின் புழுவும் ஒரு சின்னப் பாட்டிலில் இருக்கிறது. முதலில் 10எக்ஸ் லென்ஸில் பார், 40-ஐ நான் திருப்பித் தருகிறேன்.